பென்சிலைக் கொஞ்சம் கீழ வைங்க! வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

ஜூன்ல ஸ்கூல் தொறந்ததுலேருந்து நமக்கு வர்ற கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ்ல பாதிக்கு மேல எல்கேஜி, யூகேஜி பிள்ளைங்க வீட்லேருந்துதான் வருது. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அவங்களுக்கே. நான் 23 வருஷம் மழலையர் வகுப்பு எடுத்தவ, அதுல பார்த்தது, பிள்ளைங்க கிட்ட கத்துக்கிட்டது, இதை வச்சுதான் பதில் சொல்றேன். ஊர் மட்டும் போட்டிருக்கேன், பேர் போடல.

கேள்வி: என் பையனுக்கு 4 வயசு, எல்கேஜி. தினம் ரெண்டு பக்கம் தமிழ், ரெண்டு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் நம்பர் எழுதிட்டு வரணும். பென்சிலைப் பார்த்தாலே அழறான். நான் கையப் பிடிச்சு எழுத வைக்கிறேன், முடிக்க ராத்திரி ஒன்பதரை ஆயிடுது. தப்புன்னு தெரியுது, ஆனா வேற வழி தெரியல. (ஒரு அம்மா, தஞ்சாவூர்)

கையப் பிடிச்சு எழுத வைக்கிறதை மட்டும் இன்னையோட நிறுத்திடுங்கம்மா. அப்படி எழுதும்போது எழுதறது நீங்கதான், அவன் கை உங்க கை கூட சும்மா வருது. அதுல அவனுக்கு மனசுல நிக்கிறது ரெண்டுதான், எழுதுனா கை வலிக்கும், எழுதுனா அம்மா கோவப்படுவாங்க.

அவன் அடம் பிடிக்கல, அவனுக்கு நிஜமாவே முடியல. நம்ம மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு. குழந்தை பொறக்கும்போது அது எல்லாமே குருத்தெலும்பா மெத்துனுதான் இருக்கும், அப்புறம் வருஷம் போகப் போக ஒண்ணொண்ணா கெட்டியாகும், கடைசி எலும்பு கெட்டியாக ஆரம்பிக்கவே 8லேருந்து 12 வயசு ஆகும். உங்க பையனுக்கு இப்போ பாதிதான் ஆகியிருக்கும். விரலுக்கு பலம் தோள்லேருந்து இறங்கி வரணும், மொதல்ல தோள், அப்புறம் முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியாதான் விரல் நுனி. மரத்துல தொங்காத, பந்து எறியாத, தரையில கை ஊனி தவழ்ந்து விளையாடாத குழந்தையை நேரா நாலு கோடு நோட்டுல கொண்டு போய் உட்கார வச்சா கை வலிக்கத்தான் செய்யும்.

ஒரு விஷயம் சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி என் வகுப்புல ஒரு பையன், நல்லா பேசுவான், கதை சொல்வான், ஆனா பென்சிலைப் பிடிச்சா வழுக்கி வழுக்கி கீழ விழும். ரெண்டு மாசம் நானும் கிரிப் மாட்டி, குட்டி கிரேயான் குடுத்து என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் தொறந்து வச்சுக்கிட்டு சாப்பிடாம உட்கார்ந்திருந்தான். ஏன்டா கண்ணான்னு கேட்டா, "ஆயா வரல"ன்னான். அப்புறம்தான் தெரிஞ்சுது, வீட்ல மூணு வேளையும் ஊட்டித்தான் விடறாங்களாம், அவன் அதுவரைக்கும் தன் கையால சாதத்தைப் பிசைஞ்சதே இல்ல. அவங்க அம்மாவைக் கூப்பிட்டு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், எழுத வேணாம், அவனே சாப்பிடட்டும், சிந்தட்டும், பரவால்ல. பருப்பு சாதத்தைப் பிசைஞ்சு, கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணையும் குவிச்சு எடுத்து வாய்ல வைக்கிறோமே, பென்சில் பிடிக்கவும் அதே மூணு விரல்தான் வேணும். பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்போ அவன் வட்டம் போட்டான், மூடின வட்டம்! அதை நான் இன்னும் வச்சிருக்கேன்.

உங்க வீட்லயும் அதைத்தான் செய்யணும். சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஒரு எலுமிச்சம்பழம் அளவு அவனுக்குக் குடுங்க. பாம்பு மாதிரி உருட்டச் சொல்லுங்க, அந்தப் பாம்பை வளைச்சு "ட" பண்ணுங்க, "ப" பண்ணுங்க, அவனே எச்சில் வச்சு ஒட்டுவான், பரவால்ல அந்த மாவைத் தனியா வச்சுடுங்க. காயப்போட்ட துணிக்கு கிளிப் மாட்டட்டும், பூண்டு உரிக்கட்டும், பட்டாணி உரிக்கட்டும், நீங்க வாசல்ல கோலம் போடும்போது பக்கத்துலயே அவனுக்கும் ஒரு பிடி மாவு. முழு பென்சிலை விட சுண்டு விரல் நீளத்துக்கு ஒடிச்ச கிரேயான் நல்லது, ஏன்னா அதை முஷ்டியா பிடிக்க முடியாது, விரலால பிடிச்சே ஆகணும். செவுத்துல ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி நின்னுக்கிட்டு வரையச் சொல்லுங்க, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதை விட நல்ல பயிற்சி இல்ல.

எழுத்தை விரலால எழுதறது நம்ம ஊருக்குப் புதுசே இல்ல. விஜயதசமி அன்னைக்கு தாம்பாளத்துல அரிசி பரப்பி விரலைப் பிடிச்சு எழுதறோம்ல, அதை அந்த ஒரு நாளோட விட்டுடறோம், அவ்ளோதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்லதான் எழுதிப் படிச்சாங்க. 1789ல சென்னையில ஆதரவில்லாத ஆண் பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடத்தை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல்ங்கற ஸ்காட்லாந்துக்காரர், இங்க உள்ளூர் பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கிறதைப் பார்த்து அசந்து போய் தன் பள்ளியிலயும் அதைக் கொண்டு வந்தாரு, 1797ல தன் பள்ளி நடந்த விதத்தைப் பத்தி புத்தகமும் எழுதினாரு, மணல்ல எழுதறதும் சேர்ந்த அந்த முறை மெட்ராஸ் முறைங்கற பேர்லயே இங்கிலாந்து பூரா போச்சு. அவங்க எடுத்துக்கிட்டுப் போனதை நம்ம வீட்ல ஒரு தட்டு ரவையில செய்யறதுக்கு என்ன கஷ்டம் சொல்லுங்க?

ஹோம்வொர்க் விஷயம். 2018 மே மாசம் நம்ம சென்னை உயர் நீதிமன்றமே ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடம் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு. ஒன்றிய அரசு 2020ல கொண்டு வந்த பள்ளிப் பை கொள்கையும் ரெண்டாவது வரைக்கும் வீட்டுப்பாடம் வேணாம், மழலையர் வகுப்புக்குப் பையே வேணாம்னு சொல்லுது. ஒண்ணாவதுக்கே வேணாம்னா எல்கேஜிக்கு? ஆனா இதை எடுத்துக்கிட்டுப் போய் டீச்சர் கிட்ட சண்டை போடாதீங்க. அந்தப் பக்கக் கணக்கை முடிவு பண்றது அநேகமா அவங்க இல்ல, மேலேருந்து வர்றது, சில சமயம் "பக்கத்து ஸ்கூல்ல இவ்ளோ எழுதறாங்களே"ன்னு கேக்கற பெத்தவங்களாலதான் வர்றது. டைரில ஒரு வரி எழுதுங்க: "மேம், வீட்ல தினம் 10 நிமிஷம் உட்கார வைப்போம், அதுல முடிஞ்சதை அனுப்பறோம், கை பலத்துக்கு மாவு, கிரேயான்ல பயிற்சி குடுக்கறோம்." என் அனுபவத்துல பத்துல எட்டு டீச்சர் சரிம்பாங்க. மிச்சம் பக்கத்தை நீங்க எழுதி அனுப்பாதீங்க. எங்களுக்கு அம்மா கையெழுத்து தெரியும், ஆனா பிள்ளை எங்க நிக்கறான்னு அப்போ எங்களுக்குத் தெரியாமப் போயிடும்.

கேள்வி: என் பொண்ணு யூகேஜி. ஏ டு இசட் கடகடன்னு சொல்றா, அ ஆ இ ஈயும் சொல்றா. ஆனா ஒரு வார்த்தையைக் காட்டி படின்னா முழிக்கறா. இன்னும் 247 எழுத்து எப்போ முடிப்பான்னு பயமா இருக்கு. (ஒரு அம்மா, கோயம்புத்தூர்)

வரிசையா சொல்றது பாட்டு பாடற மாதிரி. நடுவுல நிறுத்தி "ஜி-க்கு அப்புறம் என்ன"ன்னு கேட்டா மறுபடி ஏ-லேருந்து ஆரம்பிப்பா பாருங்க. அது மனப்பாடம், படிப்பு வேற.

இங்கிலீஷ்ல எழுத்துக்குப் பேர் ஒண்ணு, சத்தம் ஒண்ணு. பீ, ஏ, டீன்னு சொல்லிக்கிட்டே இருந்தா "பேட்" எங்கேருந்து வரும்? ப், ஆ, ட்னு சத்தமா சொன்னாத்தான் ஒட்டும். அதைத்தான் ஸ்கூல்ல ஃபோனிக்ஸ்னு சொல்றாங்க. நீங்க வீட்ல பேரைச் சொல்லிக் குடுத்து, அங்க சத்தத்தைச் சொல்லிக் குடுத்தா பிள்ளை குழம்பும், அதனால எந்த எழுத்துக்கு என்ன சத்தம் சொல்றாங்கன்னு ஒரு தடவை டீச்சர் கிட்ட வாய்ஸ் மெசேஜ் வாங்கிக்கோங்க. "ப்"ங்கறதை "பஹ்"னு இழுக்காம சின்னதா சொல்லணும், இல்லன்னா சேர்க்கும்போது பஹ்ஆடஹ்னு ஆயிடும்.

தமிழ்ல இந்தத் தொல்லையே கிடையாது. அ-வோட பேரும் அ, சத்தமும் அ. 247ங்கற நம்பரைப் பார்த்து பயப்படாதீங்க, உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒண்ணு, இந்த 31தான் நிஜமான சத்தம், மீதி 216ம் அதுல 12ஐயும் 18ஐயும் பெருக்கினது. கால் போட்டா ஆ, கொம்பு போட்டா எ-ன்னு ஒரு பத்து குறியைப் புரிஞ்சுக்கிட்டா பெரும்பாலும் அவளே சேர்த்துப் படிச்சுடுவா. உ, ஊ வரிசைதான் எழுத்துக்கு எழுத்து மாறும், கு சு டு துன்னு, அதை அவசரப்படாம விட்டு விட்டுக் கத்துக்கலாம். அவ பேசற பிள்ளைங்கறது பெரிய பலம். "தங்கம்", "மகன்", "கண்" மூணுலயும் க மூணு விதமா ஒலிக்குது, இதை யாரும் சொல்லிக் குடுக்க வேணாம், நாலு வருஷமா அவ வாயில அது ஏற்கெனவே சரியா வந்துக்கிட்டுதான் இருக்கு.

நான் அ-லேருந்து ஆரம்பிக்க மாட்டேன். கை சின்னதா இருக்கும்போது அ எழுதறது ரொம்ப கஷ்டம், எத்தனை சுழி பாருங்க. ட எழுதறேன், கீழ இறங்கி வலது பக்கம் திரும்பினா முடிஞ்சுது. இன்னொரு கோடு மேல ஏத்தினா ப. அந்த ஏத்தின கோட்டை உள்ள மடக்கினா ம. புள்ளி வச்சா சத்தம் பாதியாயிடும்னு சொல்லிடுங்க. மூணே எழுத்து, ஒரு புள்ளி: படம், மடம், பட்டம், மட்டம். நாலு வார்த்தை படிச்சுட்டா! என் வகுப்புல முதல் தடவையா "பட்டம்"னு தானா சேர்த்துப் படிக்கிற பிள்ளையோட மூஞ்சியைப் பார்க்கணும், வாய் தொறந்தது தொறந்தபடியே இருக்கும், அப்புறம் பக்கத்துல இருக்கறவனை உலுக்கி "டேய் இது பட்டம்டா"ன்னு கத்தும். அந்த நாள் உங்க வீட்ல நடந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!

எழுத்தைக் காட்டறதுக்கு முன்னாடி காதுக்கு வேலை குடுங்க. பாத்திரம் கழுவிக்கிட்டே விளையாடலாம், "என் கண்ணுக்கு ஒண்ணு தெரியுது, அது த-ல ஆரம்பிக்குது." தட்டு, தண்ணி, தக்காளி. அடுத்து அவ கேக்கட்டும், நீங்க கண்டுபிடிங்க. சில சமயம் வேணும்னே தப்பா சொல்லுங்க, அவ திருத்தும்போது அவளுக்கு வர்ற சந்தோஷமே தனி.

கேள்வி: ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல" இல்லன்னா "மறந்துட்டேன்". எப்படித்தான் தெரிஞ்சுக்கறது? (ஒரு அம்மா, வேலூர்)

வந்ததும் கேக்காதீங்க. அஞ்சு மணி நேரம் சத்தத்துல இருந்துட்டு வர்ற பிள்ளை, மொதல்ல சாப்பிடட்டும், கொஞ்ச நேரம் தரையில உருளட்டும். அப்புறம் "என்ன நடந்துச்சு"ங்கறது ரொம்பப் பெரிய கேள்வி, நம்மளையே ஆபீஸ்லேருந்து வந்ததும் கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னுதானே சொல்வோம். குட்டியா கேளுங்க, இன்னைக்கு உன் பக்கத்துல யாரு உட்கார்ந்தா, யாரு அழுதா, டிபன்ல யாரு பூரி கொண்டு வந்தா, மிஸ் என்ன கலர் புடவை. இல்லன்னா நீங்க உங்க நாளைச் சொல்ல ஆரம்பிங்க, "இன்னைக்கு பஸ்ல ஒரு கோழிக்குஞ்சு டப்பா ஏத்தினாங்கடா"ன்னு. அவனோடது தானா வரும். ராத்திரி படுக்கும்போது லைட்டை அணைச்சதுக்கு அப்புறம்தான் நெறைய பிள்ளைங்க பேசும், அந்தப் பத்து நிமிஷம் போனை வேற ரூம்ல வச்சுடுங்க.

கேள்வி: என் பொண்ணு 1லேருந்து 100 வரைக்கும் எழுதுவா. நேத்து "ஏழு தட்டு எடுத்துட்டு வா"ன்னு சொன்னேன், கைக்கு வந்த அளவு தூக்கிட்டு வந்துட்டா. அப்போ அவளுக்கு என்னதான் தெரியும்? (ஒரு அப்பா, மதுரை)

இதைக் கவனிச்சீங்க பாருங்க, அதுக்கே உங்களைப் பாராட்டணும். நெறைய பேர் 100 வரைக்கும் எழுதிட்டான்னு சந்தோஷமா நின்னுடறாங்க.

எண்ணறதுல மூணு விஷயம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கு. வரிசையைச் சொல்றது ஒண்ணு. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான்னு தொட்டுத் தொட்டு எண்றது ரெண்டாவது, சின்னப் பிள்ளைங்க விரல் வேகமா போகும், வாய் மெதுவா போகும், இல்ல ஒரே தட்டை ரெண்டு தடவை எண்ணும். மூணாவதுதான் முக்கியம், கடைசியா சொன்ன எண்தான் "மொத்தம்"ங்கறது. சோதிச்சுப் பாருங்க, அவளை அஞ்சு கரண்டி எண்ணச் சொல்லிட்டு, முடிச்சதும் "அப்போ எத்தனை கரண்டி"ன்னு கேளுங்க. மறுபடி ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சா மூணாவது இன்னும் வரலன்னு அர்த்தம். அது வராம நோட்டுல 100 எழுதறது படம் வரையற மாதிரிதான்.

இதுக்குத் தனியா உட்கார்ந்து பாடம் எடுக்க வேணாம். உங்க வீட்ல தினம் யாராவது சாப்பிடறீங்கள்ல? இன்னையிலேருந்து தட்டு வைக்கிறது அவ வேலை. "பாட்டிக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு"ன்னு ஆள் பேர் சொல்லி வைக்கட்டும், அப்புறம் எத்தனைன்னு கேளுங்க. இன்னைக்கு மாமா வந்திருக்காங்க, இன்னும் எத்தனை வேணும்? இட்லி ஆளுக்கு மூணு. இதுல கூட்டல் வந்துடுச்சு, பெருக்கலுக்கு விதையும் போட்டாச்சு. மாடிப்படி ஏறும்போது எண்ணுங்க, இறங்கும்போது பின்னாலேருந்து எண்ணுங்க.

வீட்ல பல்லாங்குழி இருந்தா பரண்லேருந்து இறக்குங்க. ரெண்டு பக்கமும் ஏழு ஏழு, 14 குழி, குழிக்கு அஞ்சு சோழியோ புளியங்கொட்டையோ. மதுரைல புளியங்கொட்டைக்கா பஞ்சம்! ஒரு குழியை அள்ளி ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போகும்போது கையும் எண்ணும் ஒண்ணா நகருது, ஒரு குழிக்கு ஒண்ணுதான் போட முடியும், ஏமாத்த முடியாது. ஆட்டத்தோட எல்லா விதியும் வேணாம், அஞ்சு வயசுக்கு அள்ளிப் போடறதும் யார் கிட்ட ஜாஸ்தி இருக்குன்னு பார்க்கறதும் போதும். தாயக்கட்டைல மூணு புள்ளியைப் பார்த்ததும் எண்ணாமலே "மூணு"ன்னு சொல்ல ஆரம்பிப்பா, அப்படி கண்ணாலயே அளவு தெரியறது பின்னாடி கணக்குக்கு ரொம்ப உதவும். புளியங்கொட்டையை மூக்குல போட்டுக்கற வயசுல தம்பி தங்கச்சி இருந்தா மட்டும் அவங்க தூங்கும்போது விளையாடுங்க.

கேள்வி: மகனும் மருமகளும் வேலைக்குப் போறாங்க, பேத்தியை நான்தான் பார்த்துக்கறேன். நான் படிச்சது எட்டாவது, தமிழ் மீடியம். பேத்தி இங்கிலீஷ் மீடியம் யூகேஜி. ஸ்கூல்ல "வீட்ல இங்கிலீஷ்ல பேசுங்க"ன்னு சொல்லிவிட்டாங்க. என்னால அந்தக் குழந்தை பின்தங்கிடுமோன்னு மனசு அடிச்சுக்குது. (ஒரு தாத்தா, திருநெல்வேலி)

ஐயா, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். உங்களால அந்தக் குழந்தை பின்தங்காது, உங்களாலதான் முன்னால போகும்.

எந்த மொழியில குழந்தை ஆழமா யோசிக்குதோ, கேள்வி கேக்குதோ, காரணம் சொல்லுதோ, அதுமேலதான் அடுத்த மொழி ஏறி நிக்கும். "ஈட் பண்ணு, வாஷ் பண்ணு"ன்னு பத்து வார்த்தையில நாள் பூரா பேசற வீட்ல குழந்தைக்கு இங்கிலீஷும் வராது, தமிழும் வராது. நீங்க தெருவுல போகும்போது "இது வேம்பு, இது புங்கை, புங்க மரத்துல நிழல் ஏன் குளுகுளுன்னு இருக்கு தெரியுமா"ன்னு பேசறீங்க பாருங்க, அதுல எத்தனை வார்த்தை, எத்தனை "ஏன்"! நாளைக்கு அந்த வேம்புக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு டீச்சர் ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம், ஆனா வேம்பையே தெரியாத குழந்தைக்கு எந்த மொழியில சொல்லியும் புண்ணியமில்ல. 2020 தேசிய கல்விக் கொள்கையும் அஞ்சாவது வரைக்கும் முடிஞ்ச மட்டும் தாய்மொழியில சொல்லிக் குடுக்கணும்னுதான் சொல்லுது. அந்தக் கொள்கையில மத்த விஷயத்துக்கு நம்ம ஊர்ல ஆயிரம் வாதம் இருக்கு, ஆனா சின்னக் குழந்தைக்குத் தாய்மொழிங்கறதுல யாருக்கும் சண்டை இல்ல.

தினம் ஒரு கதை சொல்லுங்க. உங்க சின்ன வயசுக் கதையே போதும், ஆத்துல குளிச்சது, மாடு தொலைஞ்சு போய்த் தேடினது. பாதியில நிறுத்தி "அப்புறம் என்ன ஆயிருக்கும்"னு கேளுங்க. மறுநாள் அவளை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க, அவ சொல்றதை நீங்க ஒரு நோட்டுல அப்படியே தமிழ்ல எழுதி, விரலை வச்சு அவளுக்கே படிச்சுக் காட்டுங்க. தான் வாயால சொன்னது தாள்ல இருக்குங்கறது அவளுக்குப் பெரிய அதிசயமா இருக்கும். எழுத்து எதுக்குன்னு அன்னைக்குத்தான் அவளுக்குப் புரியும். இதுக்கு எட்டாவது படிச்சது தாராளம் ஐயா. அவளோட இங்கிலீஷ் புக்கைக் கொண்டு வந்தா "எனக்குத் தெரியாதும்மா, நீ சொல்லிக் குடு"ன்னு உட்காருங்க, தாத்தாவுக்கு டீச்சரா இருக்கறதுல அவ ரெண்டு மடங்கு கத்துக்குவா.

ஸ்கூலுக்கு உங்க மகனோ மருமகளோ போய் "வீட்ல தமிழ்தான், இங்கிலீஷ் நீங்க பாத்துக்கோங்க"ன்னு மரியாதையா சொல்லிடட்டும்.

கேள்வி: ஸ்மால் பி, ஸ்மால் டி மாத்தி எழுதறான், 3-ஐயும் திருப்பிப் போடறான். இடது கையால எழுதறான், மாமியார் வலது கைக்கு மாத்தச் சொல்றாங்க. அதனாலதான் இப்படியா? (ஒரு அம்மா, சேலம்)

ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லம்மா. ஒரு கரண்டியை இந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்டி, அந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்டின்னுதான் பிள்ளை இவ்ளோ நாள் உலகத்தைப் பார்த்துட்டு வந்திருக்கு. எழுத்துல மட்டும்தான் திரும்பினா வேற ஆளுன்னு புதுசா பழகணும், அதுக்கு 7 வயசு வரைக்கும் நேரம் குடுக்கலாம். ரெண்டையும் ஒரே நாள்ல சொல்லிக் குடுக்காதீங்க, ஒண்ணு நல்லா பதிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு அடுத்தது.

இடது கையை மாத்தவே கூடாது. இது மூளையில அமைஞ்சது, பழக்கம் இல்ல. மாமியார் கிட்ட கோவப்படாம சொல்லுங்க, அவங்க காலத்துல இதைத் தப்புன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. சாப்பிடறது, பிரசாதம் வாங்கறது வலது கைன்னா அது உங்க வீட்டு வழக்கம், எழுதறதை விட்டுடுங்க. நோட்டைக் கொஞ்சம் வலது பக்கமா சாய்ச்சு வைங்க, பெஞ்சுல இடது ஓரமா உட்கார வைக்கச் சொல்லி டீச்சர் கிட்ட சொல்லுங்க, இல்லன்னா பக்கத்துப் பிள்ளை முழங்கையோட இடிச்சுக்கிட்டே இருக்கும்.

கேள்வி: ரைம்ஸ், ஏபிசி எல்லாம் யூடியூப் பார்த்தே கத்துக்கறா. லேர்னிங் ஆப் ஒண்ணு காசு கட்டி வாங்கலாமா? (ஒரு அம்மா, சென்னை)

வேணாம். 2லேருந்து 5 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் கூடாதுன்னு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லியிருக்கு, அதுவும் பெரியவங்க கூட உட்கார்ந்து. உலக சுகாதார நிறுவனமும் 2019ல 2லேருந்து 4 வயசுக்கு அதே ஒரு மணி நேரக் கணக்கைத்தான் சொல்லுச்சு. வீடியோ பதில் பேசாது, பிள்ளை தப்பா சொன்னாலும் அது பாட்டுக்கு ஓடும். அந்தக் காசுக்கு ரெண்டு படக்கதைப் புத்தகம் வாங்குங்க, மிச்ச நேரம் மொட்டை மாடிக்கோ பார்க்குக்கோ கூட்டிட்டுப் போங்க, வெயில் வெளிச்சத்துல தினம் விளையாடற பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை வர்ற வாய்ப்பும் குறையுது.

கேள்வி: நாலரை வயசாகுது, ரெண்டு வார்த்தைக்கு மேல சேர்த்துப் பேச மாட்டேங்கறான். "பையன்னா லேட்டாத்தான் பேசுவான்"னு வீட்ல சொல்றாங்க. ஸ்கூல்ல படிப்பு வரலங்கறாங்க. (ஒரு அம்மா, தர்மபுரி)

இதுக்கு வீட்ல என்ன செய்யலாம்னு நான் சொல்ல மாட்டேன், மொதல்ல காட்டிடுங்க, இந்த வாரமே. நாலரை வயசுல முழு வாக்கியம் வந்திருக்கணும். காது சரியா கேக்குதான்னு முதல்ல பார்க்கணும், சளி கட்டிக் கட்டி கேக்கறது குறைஞ்ச பிள்ளைங்களை நானே பார்த்திருக்கேன், "கவனிக்க மாட்டேங்கறான்"னு நாங்களும் திட்டியிருக்கோம், அதை நினைச்சா இன்னைக்கும் மனசு வலிக்குது. உங்க மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம்னு இருக்கும், பேச்சுப் பயிற்சி, காது, கண், வளர்ச்சி எல்லாம் ஒரே இடத்துல பார்ப்பாங்க, காசு கிடையாது. உங்க தப்புன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. பார்த்துட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கம்மா, காத்திருப்பேன்.

கேள்வி: நான் பனியன் கம்பெனில ஷிப்ட். வீட்டுக்கு வர எட்டரை, பொண்ணு தூங்க ஒன்பது. எனக்குக் கிடைக்கறது 20 நிமிஷம். இதுல நான் என்ன பண்ண முடியும்? (ஒரு அப்பா, திருப்பூர்)

20 நிமிஷம் நல்ல நேரம் தம்பி. ஒரே ஒரு வேலை வச்சுக்கோங்க, புத்தகம் படிச்சுக் காட்டறது. மடியில உட்கார வச்சு, விரலை எழுத்துக்குக் கீழ நகர்த்திக்கிட்டே படிங்க. இடமிருந்து வலம் போகணும், பக்கம் திருப்பணும், படத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு இது எல்லாம் சொல்லாமலே அவளுக்குப் போய்ச் சேரும். புத்தகம் வாங்க முடியலன்னா பிரதம் புக்ஸ்காரங்களோட ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதை நெறைய இலவசமா இருக்கு, உங்க போன்லயே எடுத்துக்கலாம், நோட்டிபிகேஷனை மட்டும் அணைச்சுடுங்க. ஊர்ப்புற நூலகத்துல குழந்தைங்க அலமாரி இருந்தா ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க.

ஒரே கதையைத் திரும்பத் திரும்ப கேப்பா. இருபதாவது தடவைன்னாலும் படிங்க, சலிச்சுக்காதீங்க, ஏன்னா அவ இப்போ அடுத்த வரி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அதைக் கண்ணால தேட ஆரம்பிச்சிருப்பா. ஒரு நாள் நீங்க களைப்புல ஒரு வார்த்தையை விட்டுட்டுப் படிப்பீங்க, "அப்பா, இங்க விட்டுட்ட"ன்னு அந்த இடத்துல சரியா விரலை வைப்பா.